பொறுப்பு கைமாறும் நேரம்: வாசகர் கேள்வி – பதில்

மனிதநேய, பகுத்தறிவு அமைப்புகளை நடத்தும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். சட்டம் தொடர்பான விவரங்கள் தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான அமைப்புகளுக்குப் பொருந்தும்.

எங்கள் மனிதநேய மன்றத்தைத் தொடங்கியவரே 18 ஆண்டுகளாகச் செயலாளராக இருக்கிறார். அடுத்த பொதுக்குழுவோடு ஒதுங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அவர் இடத்துக்கு அதே மாதிரி ஓர் ஆள் கிடைக்கவில்லை. என்ன செய்வது?
– வாசகர், திண்டுக்கல்

அதே மாதிரி ஆளைத் தேடாதீர்கள். 18 ஆண்டுகளில் ஒருவர் தோளில் சேர்ந்த வேலையை இன்னொருவர் ஒரே நாளில் தூக்க முடியாது. யார் என்பதைப் பிறகு பார்க்கலாம். என்னென்ன வேலை என்பதை முதலில் எழுதுங்கள்.

“நீங்கள் என்னவெல்லாம் செய்கிறீர்கள்?” என்று அவரைக் கேட்டால் “கூட்டம் கூட்டுவேன், கடிதம் எழுதுவேன்” என்பதோடு முடிந்துவிடும். ஒரு நாட்காட்டியை விரித்து வைத்துக்கொண்டு மாதம் மாதமாகக் கேளுங்கள். ஏப்ரலில் தணிக்கையாளரிடம் ரசீதும் வவுச்சரும் கொடுப்பது, ஜூனில் பள்ளி திறந்ததும் தலைமையாசிரியர்களைப் பார்த்து நிகழ்ச்சிக்குத் தேதி வாங்குவது, விழாவுக்கு மூன்று மாதம் முன்பே மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவது என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். பட்டியலைப் பார்த்தாலே அது இரண்டு மூன்று பேர் வேலை என்று தெரியும். நிர்வாகமும் கடிதப் போக்குவரத்தும் செயலாளருக்கு, நிகழ்ச்சிகள் ஒரு துணைச் செயலாளருக்கு, உறுப்பினர் தொடர்பு இன்னொருவருக்கு என்று பிரித்துவிடுங்கள்.

ஆறு மாதம் ஒதுக்குங்கள். முதல் இரண்டு மாதம் புதியவர்கள் கூடவே இருந்து பார்க்கட்டும். அடுத்த இரண்டு மாதம் அவர்கள் செய்ய, பழையவர் பக்கத்தில் இருக்கட்டும். கடைசி இரண்டு மாதம் அவர்கள் தனியாகவே நடத்தட்டும். சந்தேகம் வந்தால் மட்டும் பழையவருக்குப் போன். தலைமையாசிரியர்கள், உடல் தானத்துக்கு நீங்கள் தொடர்பில் இருக்கும் மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறை, தொடர்ந்து நன்கொடை தருபவர்கள் ஆகியோரிடம் பழையவரே புதியவரை நேரில் அழைத்துப்போய் அறிமுகம் செய்ய வேண்டும். போன் எண்ணை மட்டும் கொடுத்தால் அந்த உறவு கைமாறாது. பொறுப்பை விட்ட பிறகும் எல்லாரும் பழையவரையேதான் கூப்பிடுவார்கள். அவர் பழக்கத்தில் பதில் சொல்லிவிட்டால் புதிய செயலாளர் பெயருக்குத்தான் செயலாளர். “அவரைக் கேளுங்கள்” என்று சொல்ல அவர் மனதைத் தயார்செய்துகொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். செயற்குழுவின் பதவிக்காலம் சட்டப்படி மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. மறுபடி தேர்ந்தெடுக்கத் தடையில்லை. அப்படியானால் 18 ஆண்டில் குறைந்தது ஆறு தேர்தல் மினிட் புத்தகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் பொதுக்குழுவுக்கு முன்பே மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்து, விடுபட்டதைத் தாமதக் கட்டணத்தோடு சரிசெய்யப் பாருங்கள். புதியவர் தலையில் அதையும் கட்டிவிடாதீர்கள்.

அமைப்பின் இடமோ கட்டடமோ தனிநபர் பெயரில் இருந்தால் அவர் நலமாக இருக்கும்போதே சங்கத்தின் பெயருக்கு மாற்றுங்கள். பெரியார் 1952இலேயே பெரியார் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனத்தைப் பதிவு செய்துவிட்டார். 1973 டிசம்பரில் அவர் மறைந்தபின் மணியம்மையாரும், 1978இல் அவரும் மறைந்தபின் கி. வீரமணியும் பொறுப்பேற்றார்கள். இயக்கத்துக்கென்று பதிவு பெற்ற நிறுவனம் ஒன்று அதற்கு முன்பே இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

புதிய நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்துவிட்டோம். வங்கியில் கையெழுத்து மாற்றப் போனால் திருப்பி அனுப்புகிறார்கள். நிகழ்ச்சிக்குப் பணம் எடுக்க முடியவில்லை.
– வாசகர், ஈரோடு

மினிட் புத்தகத்தை மட்டும் கொண்டுபோயிருப்பீர்கள். நிர்வாகிகள் மாற்றத்தை முதலில் படிவம் 7இல் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்து, பதிவான பிறகு சான்றளித்த நகல் வாங்குங்கள். வங்கி பெரும்பாலும் எதிர்பார்ப்பது அதைத்தான். அதோடு சங்கப் பதிவுச் சான்று, துணைவிதிகளின் நகல், சங்கத்தின் பான் அட்டை, யார் யார் கணக்கை இயக்குவது என்ற செயற்குழுத் தீர்மானம், புதியவர்களின் அடையாள ஆவணங்கள், படங்கள் வேண்டும். தீர்மானத்தில் “புதிய நிர்வாகிகள் இயக்குவார்கள்” என்று பொதுவாக எழுதினால் செல்லாது. பெயர், பதவி, வங்கிக் கிளை, கணக்கு எண், யாருடைய கையெழுத்து நீக்கப்படுகிறது என்பது வரை அதில் இருக்க வேண்டும்.

இந்த முறை தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரையும் சேர்த்து, “மூவரில் எவரேனும் இருவர்” என்று எழுதிக்கொடுங்கள், துணைவிதி வேறு மாதிரி சொல்லாதவரை. ஒருவர் விலகினாலும் கணக்கு முடங்காது. நிர்வாகம் மாறும் மாதத்தில் பெரிய நிகழ்ச்சி வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் முன்பணங்களைப் பழைய நிர்வாகிகளே செலுத்திவிட்டுப் போகட்டும்.

வங்கியோடு இது முடியாது. வருமான வரித் தளத்துக்கும் சங்கத்தின் மின்னஞ்சலுக்கும் ஓடிபி யாருடைய போனுக்கு வருகிறது என்று பாருங்கள். பழைய செயலாளர் வெளியூர் போய்விட்டாலோ எண்ணை மாற்றிவிட்டாலோ கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி வாரத்தில்தான் தெரியவரும். சங்கத்துக்கென ஒரு சிம் வாங்கி, பதவியோடு சேர்த்துக் கைமாற்றுங்கள். பாதி கிழித்த ரசீதுப் புத்தகங்கள் பழைய உறுப்பினர்கள் வீட்டில் இருக்கும். எண் வாரியாகத் திரும்ப வாங்கி, எஞ்சிய தாள்களின் குறுக்கே கோடு போட்டு, அந்த எண்களைப் பட்டியலிட்டு இருதரப்பும் கையெழுத்திடுங்கள்.

விலகும் நிறுவனருக்கு “வாழ்நாள் புரவலர்” பதவி கொடுத்து, செயற்குழு முடிவை மாற்றும் அதிகாரமும் தரலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதவி கொடுங்கள், அந்த அதிகாரம் வேண்டாம். கேள்வி கேட்கச் சொல்லித்தரும் அமைப்பில் கேள்வி கேட்க முடியாத ஒருவரை உட்காரவைப்பது கொள்கைக்கே முரண். மரியாதைக்கு வேறு வழி இருக்கிறது: அவருடைய பெயரில் ஆண்டுச் சொற்பொழிவு, அவருக்குத் தெரிந்த வரலாற்றைப் பதிவுசெய்யும் பணி. துணைவிதியில் இந்தப் பதவியைச் சேர்ப்பதென்றால் பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் வேண்டும். வந்து வாக்களிப்பவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரவு தேவை.

வாட்ஸ்அப் குழுவில் 120 பேர். வேலை என்றால் அதே நான்கு பேர். குழுவைக் கட்டுவது எப்படி?
– வாசகர், தஞ்சாவூர்

“ஆர்வமுள்ளவர்கள் வரவும்” என்று பதிவு போட்டால் யாரும் வர மாட்டார்கள். அந்தச் செய்தி குறிப்பாக யாரிடமும் பேசவில்லை. ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு, “15ஆம் தேதி ஞாயிறு காலை 9 முதல் 12 வரை, கண் தானப் பதிவு மேசையில் படிவம் நிரப்ப வேண்டும். முடியுமா?” என்று கேளுங்கள். தொடக்கமும் முடிவும் தெரிந்த வேலைக்கு ஆள் வரும்.

திறமை ஒரே ஆளிடம் தேங்குவதுதான் அடுத்த சிக்கல். சாமியார் தந்திரங்களை விளக்கும் நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் கிளிசரின் விட்டுத் தீ வரவைப்பது எளிதாகத்தான் தெரியும். ஆனால் தீ உடனே பிடிக்காது. குளிர்ந்த நாளில் இன்னும் தாமதமாகும். புதியவர் பதறிப்போய், பற்றவில்லையே என்று குனிந்து பார்த்துக்கொண்டே இன்னும் ஊற்றுவார். அந்த நேரத்தில் சட்டென்று பற்றினால் முகத்தில் சுடும். கால் தேக்கரண்டித் தூளின் நடுவில் குழி செய்து சில சொட்டு மட்டும் விட்டு, கையை எடுத்து, விலகி நின்று பேசிக்கொண்டே இருக்கப் பழக்குங்கள். பக்கத்தில் மணல் வாளி கட்டாயம். முதல் நிகழ்ச்சியில் பார்ப்பது, இரண்டாவதில் உதவுவது, மூன்றாவதில் பழையவர் பக்கத்தில் நிற்கத் தானே செய்வது என்று ஒவ்வொரு செய்முறைக்கும் இரண்டு பேரையாவது தயார்செய்யுங்கள். குழந்தைகளிடம் செய்யக் கொடுக்க வேண்டாம்.

கண் தானம் குழுவை இன்னும் நன்றாகப் பழக்கும். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுக்க வேண்டும். நள்ளிரவிலும் அழைப்பு வரும். வாரம் ஒரு ஜோடி என்று பொறுப்புப் பட்டியல் போட்டு, இரண்டு எண்களை மட்டும் வெளியே கொடுங்கள். போன் எடுப்பவர் வீட்டாரிடம் சொல்ல வேண்டியதை அட்டையில் எழுதிவையுங்கள்: மின்விசிறியை நிறுத்துங்கள், இமைகளை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள், தலைக்குத் தலையணை வைத்து உயர்த்துங்கள், மருத்துவரின் இறப்புச் சான்றைத் தயாராக வையுங்கள். உடனே கண் வங்கிக்குப் போன். இரண்டு பேர் சேர்ந்து இப்படி ஓர் இரவைக் கடந்தால், பத்துக் கூட்டத்தில் வராத நெருக்கம் வரும்.

எங்கள் அமைப்பில் பெண்கள் பாதிப் பேர். ஆனால் வரவேற்பு, தேநீர், பெயர்ப் பதிவு மட்டும்தான் எங்களுக்கு. மேடையும் கணக்கும் ஆண்களிடம். பேசினால் “நம்மிடம் அந்தப் பாகுபாடே கிடையாதே” என்கிறார்கள்.
– வாசகி, மதுரை

பாகுபாடு கிடையாது என்று நம்புவதாலேயே அது யார் கண்ணிலும் படாமல் போகிறது. வாதாடாதீர்கள், கணக்கைக் காட்டுங்கள். கடைசி ஆறு நிகழ்ச்சிகளை எடுத்து, யார் பேசினார், யார் தலைமை, யார் தேநீர் கொடுத்தார், யார் நாற்காலி அடுக்கினார் என்று ஒரே தாளில் எழுதிச் செயற்குழுவில் வையுங்கள். ஊர், சாதி வாரியாகவும் அந்தத் தாளைப் பார்ப்பது நல்லது. பிறகு தேநீரும் நாற்காலியும் சுழற்சி முறையில், தலைவர் உட்பட எல்லாருக்கும் என்று தீர்மானம் போடுங்கள். கூட்டத்தை இரவு 8 மணிக்கு வைத்துவிட்டுப் பெண்கள் வருவதில்லை என்று சொல்லக் கூடாது. ஞாயிறு காலை வையுங்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அன்றைக்கு ஓர் ஆண் உறுப்பினரைப் போடுங்கள். சுயமரியாதைத் திருமணங்களைப் பெண்கள் தலைமையேற்று நடத்தட்டும். அடுத்த தேர்தலில் பொருளாளர் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். மனுவை இப்போதே எழுதி, முன்மொழிய ஒருவரையும் வழிமொழிய ஒருவரையும் பேசிவையுங்கள்.