‘அகாடமியா’ எங்கிருந்து வந்தது? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கல்வியுலகத்தை ‘அகாடமியா’ என்கிறார்களே, கிரேக்கத்தில் அதற்கு ‘அறிவு’ என்று பொருளா?

பதில்: இல்லை, அது வெறும் இடப்பெயர். பழைய ஏதென்ஸின் மதிலுக்கு வெளியே, வடமேற்கில், திபிலோன் வாசலிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டரில் இருந்த தோப்பு அது. அதீனா தேவிக்கு உரிய ஆலிவ் மரங்கள் அங்கே நின்றன. உடற்பயிற்சிக் கூடமும் உண்டு. கி.மு. 387 வாக்கில் பிளாட்டோ அங்கே பாடம் சொல்லத் தொடங்கினார். இடத்தின் பெயர் பள்ளிக்கு ஒட்டிக்கொண்டது.

கேள்வி: தோப்புக்கு ஏன் அந்தப் பெயர்?

பதில்: அகாதெமோஸ் என்ற பழங்கதை வீரனால். சிறுமி ஹெலனை (பின்னாளில் டிராய் போருக்குக் காரணமானவள்) ஏதென்ஸ் மன்னன் தீசியஸ் தூக்கிப்போய் ஒளித்துவைத்தபோது, தேடி வந்த அவளுடைய சகோதரர்களுக்கு இடத்தைச் சொன்னவன் இவன். அந்த நன்றிக்காக ஸ்பார்ட்டாக்காரர்கள் ஏதென்ஸைச் சுற்றிய அட்டிகா பகுதியைச் சூறையாடிய போதெல்லாம் இந்தத் தோப்பைத் தொடவில்லை என்று பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். துப்புச் சொன்னவன் பெயரைத்தான் பேராசிரியர்கள் சுமக்கிறார்கள்! கதை எப்படியோ, பெயர் பழையது. ‘ஹெக்காதெமெயா’ என்று அதன் பழைய வடிவத்தைப் பொறித்த எல்லைக்கல் ஏதென்ஸில் கிடைத்திருக்கிறது.

கேள்வி: பிளாட்டோவின் பள்ளி 900 ஆண்டுகள் நடந்து, கி.பி. 529இல் ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் மூடினார் என்று படித்தேன். சரியா?

பதில்: பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். நான் ஏற்க மாட்டேன். கி.மு. 86இல் ஏதென்ஸைப் பிடித்த ரோமானியத் தளபதி சுல்லா, முற்றுகைக் கருவிகளுக்காக இந்தத் தோப்பின் மரங்களை வெட்டினார். பிளாட்டோவுக்குப் பின் தலைவர்கள் வழிவழியாக வந்த வரிசை அந்தக் காலத்தோடு அறுந்தது. ஜஸ்டினியனின் தடை விழுந்தது, பல நூற்றாண்டுகள் கழித்து அதே நகரில் பிளாட்டோவைப் புதிதாகக் கற்பித்தவர்கள் மேல். இடையில் பெரிய வெற்றிடம் உண்டு.

கேள்வி: அப்புறம் இந்தப் பெயர் உலகம் முழுக்கப் பரவியது எப்படி?

பதில்: இத்தாலி வழியாக. 15ஆம் நூற்றாண்டில் அங்கே பிளாட்டோ மோகம் கிளம்பியது. அறிஞர்கள் கூடிய வட்டங்களுக்கெல்லாம் இந்தப் பெயர். பிளாரன்ஸில் 1583இல் குரூஸ்கா என்ற மொழி அகாடமி, ரோமில் 1603இல் லின்சேய் என்ற அறிவியல் அகாடமி. 1635இல் பிரான்சின் முதன்மை அமைச்சர் ரிஷலியூ பிரெஞ்சு அகாடமியை நிறுவியதும் அரசு முத்திரையும் சேர்ந்துகொண்டது.

கேள்வி: ‘சாகித்திய அகாதெமி’ என்று எழுதுவது பிழையா?

பதில்: பிழையே இல்லை. 1954இல் தொடங்கிய அந்த நிறுவனம் தமிழில் அப்படித்தான் எழுதிக்கொள்கிறது. ஆங்கிலம் வழியாக வந்த ‘அகாடமி’யைவிட கிரேக்க ஒலிக்கு அதுவே பக்கம்.