இரவில் இறங்கும் டிகாக்‌ஷன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நாங்கள் கோவைக்காரர்கள். வரும் மாதம் ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு உங்கள் குமரி மாவட்டத்துக்கு வருகிறோம். நான், கணவர், கல்லூரியில் படிக்கும் மகள், எண்பதை நெருங்கும் என் அம்மா. பேச்சிப்பாறைப் பக்கம் ஓர் இரவு, முட்டத்தில் இரண்டு, கன்னியாகுமரியில் ஒன்று என்று திட்டம். அம்மாவால் விடுதி விடுதியாக மாற முடியவில்லை. படுக்கையும் கழிப்பறையும் கூடவே வருமென்றால் நானும் வருகிறேன் என்றார்.

ஒரே சிக்கல் அவருடைய காப்பி. நாலரை மணிக்கு எழுந்துவிடுவார். பில்டர் காப்பி உள்ளே போனால்தான் அவருக்குப் பொழுது விடியும். வண்டியில் ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்பு, சின்ன பிரிட்ஜ், பேட்டரி, இன்வெர்ட்டர், கூரையில் சோலார் எல்லாம் இருக்கிறதாம். போதாததற்குக் கணவர், கேன் மாட்டி எரிக்கும் சின்ன கேஸ் அடுப்பு ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். மகள் இன்ஸ்டன்ட் பொடி போதும் என்கிறாள். கணவரோ, "அந்த ஊருக்குப் போய் நம் வீட்டுக் காப்பியையே குடிக்கவா? கடையில் குடிப்போம்" என்கிறார். நீங்கள் இந்த மாதிரி வண்டிகளில் சுற்றியவர், உள்ளூர்க்காரரும்கூட. என்ன செய்யலாம்?

இன்னொன்று. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. கருப்பட்டி போட்டுக் குடித்தால் ஒன்றும் செய்யாது என்கிறார்களே, உண்மையா?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள சகோதரி,

பில்டரையே கொண்டுவாருங்கள். வண்டியில் காப்பி போட அதைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரிந்து இல்லை. மின்சாரம் கேட்காது, சத்தம் போடாது, காகித வடிகட்டி கேட்காது, உடைவதற்கும் அதில் ஒன்றும் கிடையாது. ஆனால் வீட்டில் போடும் நேரத்தில் போடாதீர்கள். கேரவனில் காலைக் காப்பிக்கான வேலையை முந்தின நாள் இரவே முடித்துவிட வேண்டும். நான் சொல்ல நினைக்கும் மற்ற எல்லாமே இதையொட்டித்தான் வரும்.

நாலரை மணிக்கு அம்மா எழும்போது உங்கள் மகள் அடுப்பிலிருந்து கையெட்டும் தூரத்தில் தூங்கிக்கொண்டிருப்பாள். அந்த வண்டிக்குள் சமையலறை, கூடம், படுக்கையறை எல்லாம் ஒன்றே. விளக்கைப் போட்டால் எல்லோருக்கும் வெளிச்சம், டப்பா மூடியைத் திறந்தால் எல்லோருக்கும் சத்தம். அந்த நேரத்தில் பொடியைத் தேடி, தண்ணீர் சுடவைத்து, பில்டரைத் தட்டி, இறங்குவதற்கு அரைமணி நேரம் காத்திருப்பதென்றால் அம்மாவே கூச்சப்பட்டு, "எனக்கு வேண்டாம், நீங்கள் எல்லாம் எழுந்த பிறகு பார்க்கலாம்" என்று சொல்லிவிடுவார். வயதானவர்கள் பயணத்தில் இப்படித்தான் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்துக்கொண்டே வருவார்கள். நாம் கவனிப்பதும் இல்லை.

இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு போட்டுவிடுங்கள். நான்கு பேருக்கு 40 கிராம் பொடி, 200 மில்லி தண்ணீர். தண்ணீர் கொதித்து இறக்கியபின் அரை நிமிடம் விட்டு, முதலில் பொடி நனையுமளவு கொஞ்சம் ஊற்றி, பிறகு மிச்சத்தை ஊற்றுங்கள். பில்டரை மேடையில் வைக்க வேண்டாம், பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் ஒரு துணியைச் சுற்றி நிறுத்துங்கள். வண்டி சமதளத்தில் நிற்கவில்லை என்றாலும், யாராவது புரண்டு படுத்து வண்டி ஆடினாலும் கவிழாது. இறங்கி முடிந்ததும் மேல் பாத்திரத்தை எடுத்துவிட்டு, கீழே இருப்பதை மூடி பிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். புதிதாக இறங்கும் டிகாக்‌ஷனின் மணம் இதில் கொஞ்சம் குறையும், மறைக்கவில்லை. ஆனால் இரவே இறக்கி வைக்கும் வழக்கம் எத்தனையோ வீடுகளில் உண்டு. உங்கள் அம்மாவுக்கும் அது புதிதாக இருக்காது. காலையில் டிகாக்‌ஷனைத் தனியாகச் சுடவைக்க வேண்டாம், கொதித்தால் கசந்துவிடும். இரவே ஒரு பிளாஸ்கில் வெந்நீர் வைத்துக்கொண்டால் காலையில் அதை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, டிகாக்‌ஷனைப் பாத்திரத்தோடு அதற்குள் இறக்கி வைத்துச் சூடாக்கிக்கொள்ளலாம். பிளாஸ்கில் தண்ணீர்தான். பாலைச் சுடவைத்து ராத்திரி முழுக்க பிளாஸ்கில் வைத்துவிடாதீர்கள். வெதுவெதுப்பிலேயே மணிக்கணக்காக இருக்கும் பால் கெட்டுப்போகும்.

இரவே முடித்துக்கொள்ளச் சொல்வதற்கு பேட்டரியும் ஒரு காரணம். நான்கு பேர் காப்பிக்கான தண்ணீரையும் பாலையும் சுடவைக்க, இழப்பெல்லாம் சேர்த்து 80 முதல் 100 வாட்-அவர் மின்சாரம் போதும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் பேட்டரி நிறைந்திருந்தால் அதில் ஏறக்குறைய 1200 வாட்-அவர் இருக்கும். பழைய ஈய-அமில பேட்டரி என்றால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். அப்படிப் பார்த்தாலும் காப்பிக்குச் செலவு சின்னதுதான். சிக்கல் அந்த மின்சாரத்தை இழுக்கும் வேகத்தில் இருக்கிறது. 1200 வாட்டில் ஓடும் இண்டக்‌ஷன் அடுப்பு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இரவு முழுக்க மின்விசிறியும் பிரிட்ஜும் ஓடி பேட்டரி இறங்கியிருக்கும் நேரம் விடியற்காலை. சோலார் தகட்டில் வெயில் விழ இன்னும் நேரம் இருக்கிறது. அப்போது அடுப்பைப் போட்டால் வோல்டேஜ் சரிந்து இன்வெர்ட்டர் கத்த ஆரம்பிக்கும், வண்டியே எழுந்துகொள்ளும். அளவைக் குறைத்து வைத்தாலும் பல அடுப்புகள் விட்டுவிட்டு முழு வேகத்தில்தான் ஓடுகின்றன. தண்ணீர் வேலையை இரவே முடித்துவிட்டால் காலையில் அடுப்புக்குப் பால் மட்டும்தான் பாக்கி. வண்டியை எடுக்கும்போதே இன்வெர்ட்டர் எத்தனை வாட் தாங்கும், பேட்டரி லித்தியமா ஈயமா என்று கேட்டு, வண்டி தருபவர் எதிரிலேயே ஒரு தடவை பாலைக் காய்ச்சிப் பார்த்துவிடுங்கள். டாஷ்போர்டில் செருகும் 12 வோல்ட் கெட்டில் வாங்க வேண்டாம். பெரும்பாலும் 150 வாட் அளவுதான் இருக்கும், அரை லிட்டர் கொதிக்க இருபது நிமிடமாவது ஆகும்.

பாத்திரத்தையும் வீட்டிலேயே சோதித்துக்கொள்ளுங்கள். பித்தளையும் அலுமினியமும் இண்டக்‌ஷனில் சூடாகாது. எவர்சில்வரிலும் பல வகை சூடாகாது. அடியில் காந்தம் ஒட்டினால் எடுத்துவாருங்கள். பால் பொங்கினாலும் வழியாதபடி கொஞ்சம் உயரமானதாக இருக்கட்டும்.

கணவர் வாங்கிவைத்திருக்கும் கேஸ் அடுப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அதை வண்டிக்குள் பற்றவைக்கக் கூடாது. கொசுவுக்குப் பயந்து நம்மூரில் ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டுதான் படுப்போம். அந்த மூடிய பெட்டிக்குள் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. விழித்திருப்பவருக்குத் தலைவலிப்பது போலத் தோன்றும், தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. கேன் கசிந்தால் இன்னொரு ஆபத்து. அந்த வாயு காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தரையிலேயே தேங்கிக் கிடக்கும். அம்மாவின் கட்டிலும் தரையை ஒட்டித்தான் இருக்கும். கேஸ் அடுப்பை முன்வைத்தே கட்டிய கேரவன்களில் தரைமட்டத்தில் அதற்கென்று காற்றுத்துளை விட்டிருப்பார்கள். உங்கள் வண்டி இண்டக்‌ஷனுக்காகக் கட்டியது. அந்த அடுப்பு வந்தே தீர வேண்டுமென்றால் வெட்டவெளியில், பகலில் மட்டும் பற்றவையுங்கள். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி உள்ளே மாட்டிவிடச் சொல்லுங்கள். கூடுதல் செலவுதான், ஆனாலும் சொல்கிறேன்.

வெட்டவெளி என்றேனே, அதுவும் எல்லா இடத்திலும் நடக்காது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத்தான் உள்ளே வருவீர்கள். முப்பந்தல் காற்றாலைகள் ஏன் அங்கே நிற்கின்றன என்பது வண்டியிலிருந்து இறங்கிய உடனே தெரியும். ஆனி ஆடியில் உயரமான வண்டியைக் காற்று பக்கவாட்டில் தள்ளும். ஓட்டுகிறவர் நிதானமாக வரட்டும். அங்கே நிறுத்திக் காப்பி போடும் எண்ணம் வேண்டாம்.

பேச்சிப்பாறை இரவு எல்லாவற்றிலும் சுலபமானது. கோதையாற்றுத் தண்ணீர் ஊர், குடிதண்ணீருக்கு அலைய வேண்டியதில்லை. குலசேகரம் தாண்டியதும் இருபுறமும் ரப்பர்தான். அந்த மலைவரிசையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், அம்மாவுக்குப் பிடிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த அசம்பு மலைகளில் வெள்ளைக்காரர்கள் காப்பித் தோட்டம் போட்டார்கள். 1869-ல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் தென்னிந்தியக் காப்பியையும் பிடித்தது. தோட்டக்காரர்கள் மெல்ல வேறு பயிர்களுக்கு மாறினார்கள். இன்றைக்கு அந்த மலைகளுக்கு ரப்பரும் கிராம்பும்தான் அடையாளம். அந்த மலைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு கோவையிலிருந்து கொண்டுவந்த பொடியில் காப்பி குடிப்பதில் தவறொன்றும் இல்லை.

முட்டத்தில்தான் கவனம் வேண்டும். கடலோரக் கிணறுகளில் பல இடங்களில் உப்புச்சுவை உண்டு. அந்தத் தண்ணீரில் எவ்வளவு நல்ல பொடியும் எடுபடாது. தக்கலையிலோ நாகர்கோவிலிலோ ஒரு கேன் தண்ணீர் வாங்கிக் காப்பிக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கடற்காற்றின் ஈரத்தை காப்பிப்பொடி இழுத்துக்கொள்ளும், சிக்கரி கலந்தது இன்னும் சீக்கிரம் கட்டிதட்டும். பிறகு பில்டரில் சொட்டுச் சொட்டாகக்கூட இறங்காது. ஒரே டப்பாவைத் திரும்பத் திரும்பத் திறக்காமல், ஒரு நாளுக்கு ஒன்றாகச் சின்னப் பொட்டலங்கள் கட்டி இறுக்கமான டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். சிக்கரி 20 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். சட்டப்படி 49 சதவீதம் வரை கலக்கலாம், ஆகவே பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் அளவைப் படித்து வாங்குங்கள்.

பால் மாலையிலேயே வாங்கிவிடுங்கள். வண்டிக்குள் பெட்டிப்பால் (டெட்ரா பேக்கில் வருவது) ஒன்றிரண்டும் இருக்கட்டும். பிரிக்காத வரை அதற்குக் குளிர்ச்சி தேவையில்லை. பிரிட்ஜ் மக்கர் செய்தாலும் அம்மாவின் காப்பி நிற்காது. மகளின் இன்ஸ்டன்ட் பொடியையும் தள்ள வேண்டாம், பகலில் வழியில் குடிக்க உதவும்.

காப்பிச் சக்கையைத் தொட்டியில் கழுவி விடாதீர்கள். கேரவனின் கழிவுக்குழாய் ஒல்லியானது, அடைத்துக்கொண்டால் பயணத்தின் மிச்ச நாளெல்லாம் அந்த நாற்றத்தோடுதான். செய்தித்தாளில் தட்டி உலரவைத்து, எங்காவது தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டுத் தென்னை மூட்டில் போடுங்கள். கடற்கரையில் கொட்ட வேண்டாம். ஜெனரேட்டர் இருந்தால் விடிகாலையில் ஓட்டவும் வேண்டாம். முட்டம் மீனவர் ஊர். இரவெல்லாம் கடலில் கிடந்தவர்கள் கரையேறித் தூங்கும் நேரமாக இருக்கலாம். வண்டியை எங்கே நிறுத்தினாலும் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

உங்கள் கணவர் சொல்வதும் எனக்குப் பிடித்திருக்கிறது. முதல் காப்பி வண்டிக்குள், அம்மாவோடு. இரண்டாவதற்குக் கடைக்கு நடந்துபோங்கள். வடசேரியிலும் குளச்சலிலும் கடைகள் இருட்டிலேயே திறந்துவிடும். எங்கள் பக்கத்துக் கடைகளில் சாயாவுக்குத்தான் முதல் மரியாதை. காப்பி கேட்டால் பல இடங்களில் இன்ஸ்டன்ட் பொடிதான் வரும். அதனால் சாயாவே வாங்குங்கள், கூட ஒரு பழம்பொரியும். அம்மாவின் பில்டர் காப்பியை அந்தக் கடையில் தேடி ஏமாற வேண்டாம், அந்தக் கடையின் சாயா உங்கள் வண்டியிலும் கிடைக்காது. பிறகு இரண்டு பேர் சொன்னதும் சரிதான் என்று ஆகிவிடும்.

கருப்பட்டிக் காப்பியைக் கட்டாயம் குடித்துப் பாருங்கள். சுக்கைத் தட்டிப் போட்டு, கருப்பட்டியைக் கரைத்துக் கொதிக்கவிட்டு, காப்பிப்பொடி போட்டு இறக்கி வடிகட்டுங்கள். கருப்பட்டியில் மண்ணோ சுண்ணாம்புத் துகளோ இருக்கும், வடிகட்டாமல் குடிக்கக் கூடாது. பால் சேர்க்காமல் குடிப்பதே எங்கள் வழக்கம். கருப்பட்டியைப் பாலோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகவும் செய்யும். திங்கள்சந்தையிலோ வடசேரிச் சந்தையிலோ வாங்குங்கள், உடைத்துப் பார்த்து, ஒரு சில்லை வாயில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். சீனி கலந்தது நாக்கில் வெறும் இனிப்பாக மட்டும் நிற்கும். நல்ல கருப்பட்டியில் கடைசியில் ஒரு சின்ன உப்பும் புகைமணமும் இருக்கும்.

ஆனால் இது உங்களுக்கும் கணவருக்கும் மகளுக்கும்தான். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்றால் கருப்பட்டி ஒன்றும் செய்யாது என்ற பேச்சை நம்பாதீர்கள். பனைமரத்திலிருந்து வந்தாலும் அதில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், சீனியில் இருக்கும் அதே பொருள். ரத்தத்தில் சர்க்கரையை அதுவும் ஏற்றும். கருப்பட்டி எங்கள் ஊர்ச் சொத்து, அதைப் பற்றி எவ்வளவு பெருமை பேசவும் எனக்கு ஆசைதான், இந்த ஒன்றைத் தவிர. அவர் வீட்டில் எப்படிக் குடிக்கிறாரோ, அதே இனிப்பில்லாத பில்டர் காப்பியே இங்கேயும் இருக்கட்டும். காலை மாத்திரை வேளையையும் சாப்பாட்டு வேளையையும் பயணத்துக்காக மாற்றுவதென்றால் கிளம்பும் முன் அவருடைய டாக்டரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.