வாசகர் கேள்வி: பஸ்டர் கீட்டனுக்கு என்ன ஆயிற்று?

கேள்வி: மௌனப் படக் காலத்தில் சாப்ளினுக்கு இணையாகப் பேசப்பட்ட பஸ்டர் கீட்டன், பேசும் படம் வந்ததும் காணாமல் போனார் என்று படித்தேன். குரல் சரியில்லையா? அந்த ஆபத்தான காட்சிகளில் எல்லாம் நடித்தது அவரேதானா?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதற்கான விடையும் அதிலேதான் இருக்கிறது.

பெரும்பாலும் அவரேதான். ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ (1928) படத்தில் புயலில் ஒரு வீட்டின் முன்சுவர் அப்படியே பெயர்ந்து அவர்மேல் சாயும். மாடி ஜன்னல் திறந்திருப்பதால், அந்த இடைவெளிக்குள் நின்றபடியே தப்பிப்பார். கேமரா தந்திரம் எதுவும் இல்லை. சுவரின் எடை சுமார் இரண்டு டன், ஜன்னல் சட்டத்துக்கும் அவர் உடம்புக்கும் நடுவே சில அங்குலம்தான். முதல் தடவை பார்த்தபோது அந்த இடத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்தேன். இன்றைக்கும் அந்தக் காட்சி வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

இந்தத் துணிச்சல் சின்ன வயதிலேயே வந்தது. 1895-ல் பிறந்தவர், அப்பா அம்மாவின் மேடை நிகழ்ச்சியில் வளர்ந்தார். அப்பா பையனைத் தூக்கி எறிவதுதான் அங்கே வேடிக்கை. வசதியாகப் பிடித்து எறிய அவர் சட்டையில் பெட்டிக் கைப்பிடி ஒன்றைத் தைத்திருந்தார்கள். தான் சிரித்தால் கூட்டம் சிரிப்பதில்லை என்று பையன் கண்டுகொண்டான். அந்தச் சிரிக்காத முகம் அப்படி வந்ததுதான்.

சரி, வீழ்ச்சிக்கு வருவோம். 1920-களில் அவருக்கென்று தனிப் படக்குழு இருந்தது. கதையின் தொடக்கமும் முடிவும் கிடைத்துவிட்டால் போதும், நடுவில் வருவதைப் படப்பிடிப்பில் பார்த்துக்கொள்வார்கள். யோசனை எதுவும் வரவில்லையா, வேலையை நிறுத்திவிட்டு பேஸ்பால் ஆடுவார்கள்! ‘தி ஜெனரல்’ (1926) அப்படி உருவான படம். அதற்காக ஆரிகன் மாநிலத்தில் எரியும் பாலத்திலிருந்து நிஜ ரயில் எஞ்சினையே ஆற்றில் விழவைத்தார். படம் அப்போது வசூலில் தோற்றது. இன்று அதைத்தான் அவருடைய சிறந்த படம் என்கிறார்கள், எனக்கும் அதில் சந்தேகமில்லை.

1928-ல் எம்.ஜி.எம். என்ற பெரிய ஹாலிவுட் பட நிறுவனத்தில் சேர்ந்தார். போகாதே என்று சாப்ளினும், இன்னொரு மௌனப் பட நகைச்சுவை நடிகரான ஹரோல்ட் லாய்டும் சொல்லியும் போனார். அங்கே முழுத் திரைக்கதை எழுதி ஒப்புதல் வாங்கியாக வேண்டும், ஆபத்தான காட்சி கூடாது, முடிவெடுப்பவர்கள் வேறு ஆட்கள். குரலில் ஒரு குறையும் இல்லை. கரகரப்பான, அவருக்குப் பொருத்தமான குரல். அங்கே நடித்த பேசும் படங்கள் நன்றாகவே ஓடின என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். பணம் வந்தது, ஆனால் படம் அவருடையதாக இல்லை. குடி அதிகமானது. 1932-ல் விவாகரத்து, 1933-ல் வேலையும் போயிற்று. சில வருடம் கழித்து அதே நிறுவனத்தில், மற்றவர்கள் படங்களுக்கு நகைச்சுவை யோசனை சொல்ல வாரம் 100 டாலருக்குச் சேர்ந்தார். இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனத்துவிடும்.

ஆனால் ‘காணாமல் போனார்’ என்பதை ஏற்க மாட்டேன். 1940-ல் எலினோரை மணந்தார், அந்த மணவாழ்க்கை கடைசிவரை நிலைத்தது. 1950-களில் தொலைக்காட்சியில் தொடர்ந்து வந்தார். பழைய படங்கள் மறுபடி திரைக்கு வந்தன. 1960-ல் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். 1966-ல், 70 வயதில், இறக்கும்வரை நடித்துக்கொண்டுதான் இருந்தார்.

எதைப் பார்ப்பது என்று அடுத்து கேட்பீர்கள். ‘ஷெர்லாக் ஜூனியர்’ (1924) படத்தில் தொடங்குங்கள், முக்கால் மணி நேரம்தான். அதில் ரயில் நிலையத் தண்ணீர்த் தொட்டியின் குழாயைப் பிடித்து அவர் இறங்குவார். தண்ணீர் மொத்தமும் மேலே கொட்டித் தண்டவாளத்தில் தள்ளிவிடும். கழுத்து எலும்பு முறிந்தது அப்போதுதான். பல வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. படத்தில் அவர் எழுந்து ஓடுவதைப் பார்க்கலாம்.