சித்தியின் நோட்டு – கடிதம்

அன்புள்ள ஐயா,

சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து மருத்துவமனை வரை போய் மீண்டவள் நான். வயது 26. இரண்டு வருட சிகிச்சையில் எடை திரும்பிவிட்டது, மாதவிலக்கும் சீராகிவிட்டது. ஆனாலும் தட்டைப் பார்த்ததும் மனம் கணக்குப் போடுகிறது. மூன்றாவது இட்லிக்குக் கை போனால் ‘வேண்டாம்’ என்கிறது ஒரு குரல். நோயோடு இருந்தபோது ஒரு கட்டுப்பாடாவது இருந்ததே என்றுகூடத் தோன்றுகிறது. எனக்குக் குணமாகவில்லையா? வீட்டில் எடை மெஷின் இருக்கலாமா? வரன் பார்க்கிறார்கள், சொல்லிவிட வேண்டுமா?

எம்.

அன்புள்ள எம்.,

மெஷினைப் பரண்மேல் போடுங்கள். வரனிடம் சொல்வது உங்கள் இஷ்டம். முகம் சுளிக்கிறவர் என்றால் இப்போதே தெரிவது நல்லதுதான்.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆண்களை வைத்துப் பட்டினி பற்றி ஓர் ஆய்வு தொடங்கினார். மனசாட்சிக்காகப் போருக்குப் போக மறுத்தவர்கள். உடலும் மனமும் திடம் என்று சோதித்து எடுக்கப்பட்டவர்கள். அதில் 24 வாரம் அரைவயிறு. பேச்சு, கனவு எல்லாம் சாப்பாடு என்றாகிவிட்டது. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள். மறுபடி சாப்பாடு கிடைத்தும் அந்த நினைப்பு மாதக்கணக்கில் விடவில்லை. போதாததற்கு, உடம்பு பெருத்துவிட்டதாகச் சிலர் கவலைப்பட்டார்கள். உங்கள் நோய் வெறும் பட்டினி அல்ல, தெரியும். ஆனாலும் ஆறு மாதத்துக்கே இந்தப் பாடு. நீங்கள் எத்தனை வருடம் கிடந்தீர்கள்? குரல் கேட்பதை உங்கள் டாக்டரிடம் சொன்னீர்களா? எனக்கு எழுதும் முன் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். இந்தக் கடிதத்தையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

‘கட்டுப்பாடாவது இருந்ததே’ என்ற வரியைப் படித்ததும் கோபம்தான் வந்தது.

என் சித்தி செவ்வாய் முருகனுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு விரதம் இருப்பார். நடுவில் சஷ்டி, கிருத்திகை, ஏகாதசி. மிச்ச நாளில், ‘நேத்து விரதம், வயிறு ஏத்துக்கலை.’ வீடே மெச்சியது. ‘பக்தின்னா இவதான்’ என்று பாட்டி என் அம்மாவைக் குத்திக்காட்டுவார். எங்களுக்குப் பரிமாறிவிட்டு, சாப்பிடுகிற வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார் சித்தி. வாரப் பத்திரிகைகளில் வரும் சமையல் குறிப்புகளை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டுவார். இனிப்பு தனி, காரம் தனி. அதில் ஒன்றைக்கூட அவர் வாயில் வைத்து நான் பார்த்ததில்லை. மினசோட்டா கதையைப் படித்தபோது அந்த நோட்டின் கோந்து வாசனை மூக்கில் ஏறியது.

விரதத்தை நான் குறை சொல்லவில்லை. என் மனைவியும் ஏகாதசி இருக்கிறாள். ஆனால் துவாதசி விடிந்ததும் பாரணைக்கு முதல் ஆளாக உட்காருவாள். சித்திக்குப் பாரணை என்பதே வந்ததில்லை. எலும்பும் தோலுமாக இருந்தவரைப் பார்த்து ‘கல்யாணத்தப்போ இருந்த மாதிரியே இருக்கா’ என்றார்கள் உறவுக்காரர்கள். மெச்சி மெச்சியே பட்டினி போட்டோம். நானும்தான். பஸ்ஸில் மயங்கி விழுந்தபோதுகூட டானிக்தான் வாங்கிக் கொடுத்தோம். அந்தக் கட்டுப்பாட்டையா தேடுகிறீர்கள்?

ஐம்பதுக்கு மேல் ஒரு டாக்டரம்மா மாதக்கணக்கில் பேசித்தான் சித்தியைச் சாப்பிட வைத்தார். கணக்கு மட்டும் கடைசிவரை போகவில்லை. இட்லியை எடுக்கும்போது ‘இது மூணாவதுடா’ என்பார். ‘ஆமா சித்தி, சட்னி போதுமா?’ என்பேன் நான்.