கரம் போர்டுக்குச் சுகாதாரத் திணைக்களம் காசு தருமா?

(விளையாட்டு, கலை வழியாகத் தரும் பொழுதுபோக்குச் சிகிச்சையைச் சுகாதாரக் கொள்கைக்குள்ளும் காப்புறுதிக்குள்ளும் கொண்டுவருவது பற்றி உறவுகள் கேட்டவை. பதில் சொல்பவர் வன்னியில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களோடு வேலை செய்யும் தொழில்வழிச் சிகிச்சையாளர்.)

கிளிநொச்சி: அக்கா, கரம் விளையாடுவது எப்படிச் சிகிச்சையாகும்?

சும்மா விளையாடினால் ஆகாது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத ஒருவர் எதிர்மூலைக் குழியில் காயைப் போட, கைப்பிடியை விட்டு முன்னே சாய வேண்டும். விழாமல் சாய்ந்து, சுண்டி, நிமிர்வதுதான் பயிற்சி. பிடிக்காமல் எவ்வளவு நேரம் இருந்தார், போன மாதம் எவ்வளவு என்று இலக்கு வைத்து எழுதினால் அது சிகிச்சை. எழுதாவிட்டால் வெறும் கரம். ஆட்டச் சூட்டில் மறக்க வேண்டாம்: இடையிடையே கையை ஊன்றி உடலைத் தூக்க வேண்டும். நாற்காலியிலும் படுக்கைப்புண் வரும்.

அக்கராயன்: அமெரிக்காவில் இதற்கு இன்சூரன்ஸ் காசு தருகிறதாம், மாமா சொன்னார். நாங்களும் கேட்கலாமா?

மாமா சொல்வது பாதி சரி, தம்பி. அங்கே மெடிகெயார் என்ற அரச காப்புறுதியில் மறுவாழ்வு வைத்தியசாலைக்குப் பொதுவான அளவுகோல் நாளுக்கு 3 மணி நேரம், வாரம் 5 நாள் சிகிச்சை. பிசியோ, தொழில்வழிச் சிகிச்சை, பேச்சுச் சிகிச்சை, செயற்கை அவயவப் பயிற்சி எல்லாம் அந்த 3 மணி நேரத்தில் சேரும். பொழுதுபோக்குச் சிகிச்சை 2010 முதல் சேராது. கொடுக்கத் தடையில்லை, கணக்கில் வராது, அவ்வளவுதான். கணக்கில் வராத வேலைக்கு யார் ஆள் எடுப்பார்கள்? அதைச் சேர்க்கச் சொல்லி அங்கே காங்கிரசில் மசோதா திரும்பத் திரும்பப் போகிறது.

எங்கள் கதை வேறு. அரச வைத்தியசாலை இலவசம். பில்லே இல்லாத இடத்தில் காப்புறுதி எதற்குக் காசு கொடுக்கும்? இங்கே கேட்க வேண்டியது ஆளணி, அதாவது இந்த வேலைக்கென்று ஒரு பதவி. புதிய பதவிக்குத் திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் அனுமதிக்க வேண்டும். மனு எழுதுகிறவர்கள் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தைக் காட்டுகிறார்கள், நல்லது. இலங்கை 2016 இல் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. ஆனால் எல்லோரும் எடுப்பது 30 ஆம் உறுப்புரை: பொழுதுபோக்கு, விளையாட்டு. அப்படி எழுதினால் கடிதம் விளையாட்டு அமைச்சுக்குப் போய்விடும். 26 ஐக் காட்டுங்கள். அதுதான் மறுவாழ்வு, சுகாதாரமும் அதிலேயே இருக்கிறது.

வவுனியா: நான் அரச ஊழியர். அரச ஊழியர் காப்புறுதியான அக்ரஹாரவில் இதற்குக் காசு எடுக்கலாமா?

அலுவலகத்தில் அக்ரஹார விஷயம் பார்ப்பவரிடம் கேளுங்கள்.

முள்ளியவளை: பிசியோவுக்கே ஆள் இல்லை. எங்கள் ஊரில் கூத்துப் பழகும் இடத்தில் மத்தளத்தை மடியில் வைத்தாலே ஆள் தேறிவிடுவான். இதற்குப் பதவி எதற்கு, பிள்ளை?

மத்தளத்தை நான் குறை சொல்லவில்லை, ஐயா. ஆனால் சக்கர நாற்காலிக்காரருக்குத் தோள்தான் கால். ஏற்கெனவே வலிக்கும் தோளோடு இரவு முழுக்க அடித்தால் மறுநாள் கட்டிலில் இருந்து இறங்கவும் ஆள் வேண்டும். எவ்வளவு அடிக்கலாம், எப்போது நிறுத்தலாம் என்று பார்க்கத்தான் பதவி.

மல்லாவி: ஐயா சொல்வதுதான் சரி. படிவம் வந்தால் கூத்துக் கெட்டுவிடும்.

கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் யார் படிவம் கேட்டது? படிவம் எனக்கு. அவர் கூத்தை நடத்தட்டும், நான் தோளைப் பார்க்கிறேன்.

முள்ளியவளை: அப்போ அண்ணாவியாருக்கும் சம்பளம் போடச் சொல்லுங்கள்!

இது நல்ல கேள்வி, ஐயா. போடத்தான் வேண்டும். பதவி கேட்கும் மனுவிலேயே கலைஞருக்கான கொடுப்பனவையும் ஒரு வரியாகச் சேருங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது. அப்புறம், கூத்து விடிய விடிய நடக்கும், உடலைத் தூக்க மறக்க வேண்டாம்.

ஒட்டுசுட்டான்: அமெரிக்காவில் இன்சூரன்ஸ் தருகிறதாமே?

அக்கராயன் தம்பிக்குச் சொல்லியாயிற்று. மேலே பாருங்கள்.

புதுக்குடியிருப்பு: கரம் போர்டு எங்கே மலிவு?

கடையில் கேளுங்கள்.

துணுக்காய்: நான் தாதி, அக்கா. மாத அறிக்கையில் என்ன எழுதுவது?

‘போட்டி நடந்தது, எல்லோரும் மகிழ்ச்சியாகப் பங்குபற்றினார்கள்’ என்று மட்டும் எழுத வேண்டாம், தங்கச்சி. அதைப் படித்துப் பதவி தர மாட்டார்கள். அவர் என்ன செய்ய ஆசைப்படுகிறார் என்று கேளுங்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போக வேண்டும் என்றால் அதுவே இலக்கு. நாற்காலியிலிருந்து ஆட்டோவுக்கு மாறுவது, மணலில் தள்ளுவது, சனத்துக்குள் சிறுநீர்ப் பையைக் கவனிப்பது என்று பிரித்து, எதற்கு ஆள் உதவி வேண்டியிருந்தது, எதைத் தானே செய்தார் என்று ஒவ்வொரு முறையும் குறியுங்கள். அந்தத் தாளின் பிரதியை மனுவோடு இணையுங்கள். உடலைத் தூக்கிய நேரத்தையும் அதிலேயே குறிக்கலாம்.