எழும்பிப் போன பையன்

அன்புள்ள ஐயா,

கொழும்பு 13இல் ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலையில் பத்தொன்பது வருடமாகப் படிப்பிக்கிறேன். 2025இல் எனக்குத் தரம் 8 தந்திருக்கிறார்கள். 41 பிள்ளைகள். போன கிழமை கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் ஒரு பையன் எழும்பி வெளியே போய்க்கொண்டிருக்கிறான். கேட்கவும் இல்லை. இன்னொருவன் ஒரு அழிறப்பருக்காகப் பக்கத்துப் பிள்ளையின் கன்னத்தில் அறைகிறான். அதட்டினால் விறைத்துப் பார்க்கிறார்கள். கொரோனாவுக்கு முன் இவ்வளவு இல்லை. ஆசிரியர் அறையில் பாதிப் பேர் போனைத் திட்டுகிறார்கள், மீதிப் பேர் பிரம்பை விட்டதுதான் பிழை என்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு ஆசிரியை
(பெயர் வேண்டாம்)

அன்புள்ள ரீச்சர்,

பிரம்பை முதலில் ஒதுக்கிவிடுவோம். உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலும் சுற்றறிக்கை விட்டது, 2016இலும் விட்டது. கொரோனா வந்தது 2020இல். தவிர, நான் பிரம்புக் காலத்துப் பிள்ளை. சேர் உட்காரும் கதிரையில் சுவிங்கம் ஒட்டிய வகுப்பு எங்களுடையது.

உங்கள் பிள்ளைகளின் வருடங்களை எண்ணிப் பார்த்தேன். 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடும்போது அவர்கள் தரம் 3. இடையில் திறந்தார்கள், ஒக்டோபரில் இரண்டாம் அலை. மட்டக்குளி, முகத்துவாரம், புளூமெண்டல், கிராண்ட்பாஸ் பொலிஸ் பிரிவுகளைத் தனிமைப்படுத்தியது உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் வகுப்பில் பலர் அந்தப் பக்கத்து ஒழுங்கைகளிலிருந்துதானே வருவார்கள். ஒற்றை அறைக்குள் ஐந்தாறு பேர், எல்லாருக்குமாக ஒரு போன். 2021 ஏப்ரல் கடைசியில் மறுபடி மூடி, ஒக்டோபரில்தான் கட்டங்கட்டமாகத் திறந்தார்கள். நடுவில் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்கள் ஒன்லைன் வகுப்பையும் நிறுத்தினீர்கள். கோரிக்கை நியாயமானதுதான். ஆனால் பிள்ளைக்கு அதுவும் இன்னொரு பூட்டு.

2022இல் கொரோனா அடங்க, டீசல் முடிந்தது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஜூன், ஜூலையில் எரிபொருள் இல்லாமல் கொழும்பில் திரும்பவும் பாடசாலை இல்லை. அப்பா பெற்றோல் வரிசையில், அம்மா காஸ் வரிசையில். எத்தனை வீட்டில் இரண்டு பேரில் ஒருவர் அதற்குப் பிறகு வெளிநாடு போய்விட்டார் என்று உங்கள் வகுப்பிலேயே விசாரித்துப் பாருங்கள். கொரோனாவால் வந்தது என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு அந்த 2022ஆம் வருடத்துக்குச் சேரவேண்டியது. இவ்வளவுக்கும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை மட்டும் நாங்கள் விடவில்லை. பிந்தினாலும் டிசம்பரில் இருத்தி எழுதவைத்தோம்.

போனைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன். வாங்கிக் கொடுங்கள் என்று பெற்றோரை நெருக்கியது பாடசாலைதான். சூம் வகுப்பில் சலித்தால் கமராவை அணைத்துவிட்டுப் போகலாம், ரீச்சருக்குத் தெரியவே தெரியாது. எட்டு ஒன்பது வயதில் வகுப்பென்றால் அதுதான் என்று பழகிய பிள்ளை, எழும்பிப் போன உங்கள் பையன்.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. பாடசாலையில் எப்படி இருப்பது என்பதை எனக்கு எந்த ஆசிரியரும் சொல்லித் தந்ததாக நினைவில்லை. தண்ணீர்க் குழாயடியில் வரிசையை முந்தியபோது காதைப் பிடித்துப் பின்னால் விட்டவர் ஒரு பத்தாம் வகுப்பு அண்ணா. அதே அண்ணாதான் கால் சுளுக்கிய நாளில் என்னைத் தூக்கிக்கொண்டு போனார். எந்த சேரிடம் பகிடி விடலாம், எவரிடம் வாயே திறக்கக்கூடாது என்பதெல்லாம் இடைவேளையில், மைதானத்தில், பஸ்ஸில் பெரிய பிள்ளைகளைப் பார்த்துப் பிடித்துக்கொண்டதுதான். அவர்களும் அப்படித்தான் அவர்களுக்கு மூத்தவர்களிடம் பிடித்திருப்பார்கள்.

அந்தக் கைமாற்றம் அறுந்துபோனது. தரம் 11இல் பட்ஜ் குத்திக்கொண்டு நிற்கும் உங்கள் மாணவத் தலைவர்களை எண்ணுங்கள். 2020இல் அவர்கள் தரம் 6. சின்னப் பிள்ளைகளாகப் பெரியவர்களைப் பார்த்துப் பழகவேண்டிய காலம் முழுக்க வீட்டில் இருந்தவர்கள். தாங்களே வாங்காததை அவர்கள் எப்படிக் கொடுப்பார்கள்? பாடத்தில் விட்டதை ரியூசன் ஓரளவு நிரப்பும். இதற்கு எந்த ரியூசனும் கிடையாது. ரியூசனில் எல்லாரும் ஒரே வயது, ஒரே திசையைப் பார்த்து இருப்பார்கள், முடிந்ததும் போய்விடுவார்கள்.

மருந்து கேட்டால் என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. இல்ல விளையாட்டுப் போட்டி வரும்போது பாடம் பிந்துகிறதென்று எட்டாம் வகுப்பைப் பிடித்து வைக்காதீர்கள். தங்கள் அணியின் இல்லத்தைச் சோடிக்க விடுங்கள். தரம் 6உம் தரம் 12உம் ஒரே கயிற்றைப் பிடித்து இழுக்கிற இடம் பாடசாலையில் அது ஒன்றுதான். சண்டையும் வரும், வரட்டும். பசை கொட்டும், யாராவது ஒரு அக்கா கத்துவாள்.

இன்னொன்று. அந்தப் பையன் எழும்பிப் போனான் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே போனான் என்று எழுதவில்லை. கேட்டுப் பார்த்தீர்களா?