தியானம் முடிந்ததும் கோபம் வருகிறது

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 44. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவு மேலாளர். மனைவியும் வேலைக்குப் போகிறாள். ஒரே மகள், மூன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

இரண்டு வருடங்களாகத் தியானம் செய்கிறேன். காலை 4 மணிக்கு எழுந்து குளித்துவிட்டு ஒரு மணி நேரம் உட்காருவேன். அப்புறம் கீதையில் நாலைந்து சுலோகம், உரையோடு. இரவு படுக்க 11.30 ஆகிவிடும், ஆனாலும் காய்ச்சலில் கிடந்த மூன்று நாட்களைத் தவிர ஒரு நாளும் விட்டதில்லை. அலுவலகத்தில் எனக்குப் பொறுமைசாலி என்று பெயர். மேலதிகாரி பத்துப் பேர் முன்னால் கடிந்துகொண்டாலும் சிரித்த முகமாக நின்றுவிடுவேன்.

வீட்டில் நான் வேறு ஆள். ஞாயிற்றுக்கிழமை மாலையிலும் தியானம் செய்வது வழக்கம். சென்ற மாதம் அப்படி உட்கார்ந்திருந்தபோது, அபூர்வமாக மனம் அடங்கியிருந்த நேரம், மகள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து "அப்பா, கத்தரிக்கோல் எங்கே?" என்றாள். நான் போட்ட சத்தத்தில் அவள் கையிலிருந்த வண்ணத்தாள்கள் கீழே விழுந்தன. பொறுக்கக்கூடக் குனியாமல் போய்விட்டாள். இப்போதெல்லாம் என் அறையைத் தாண்டும்போது கால் நுனியில் நடக்கிறாள். நான் யார்மேலும் கை நீட்டியதில்லை. ஆனால் போன வாரம் கையிலிருந்த போனைச் சுவரில் எறிந்துவிட்டேன்.

"உங்களுக்குக் காய்ச்சல் வந்த மூன்று நாளும் வீடு நிம்மதியாக இருந்தது" என்கிறாள் மனைவி. அது இன்னும் உறுத்துகிறது.

புலனடக்கம் எனக்கு வாய்க்காத ஒன்றா? குடும்பம்தான் தடையா? மகள் ஆளானபின் எங்காவது ஓர் ஆசிரமத்தில் போய் இருந்துவிடலாமா என்று தோன்றுகிறது.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

*

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் மனைவி சொன்னதைக் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது 'கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா' என்ற பழைய வசனம். கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தவத்தில் இருந்த கொங்கணவர்மேல் ஒரு கொக்கு எச்சமிட்டது. அவர் அண்ணாந்து பார்த்தார், கொக்கு எரிந்து விழுந்தது. அப்புறம் பிச்சைக்குப் போன வீட்டில் வள்ளுவரின் மனைவி வாசுகி, கணவருக்குப் பரிமாறிவிட்டு வரத் தாமதமாயிற்று. முனிவர் அவளையும் முறைத்தார். அவள் அசரவில்லை, கேட்டது அந்த ஒரே கேள்விதான். மகாபாரதத்தின் வனபருவத்தில் கௌசிகன் என்ற பெயரில் இதே கதை இருக்கிறது. அங்கே அந்த இல்லத்தரசி, அவனை மிதிலையில் இறைச்சி விற்கும் ஒருவரிடம் தர்மம் கற்றுக்கொள்ள அனுப்பிவைப்பாள்.

தவம் செய்தவனுக்குக் கோபம் வரும் என்பதை நம் முன்னோர் நன்றாகவே தெரிந்து வைத்திருந்தார்கள். ஆகவே 'எனக்கு வாய்க்காதா' என்று மனம் விட வேண்டாம். 'மனம் காற்றைப்போல, அடக்குவது அரிது' என்று அர்ஜுனனே முறையிடுகிறான். கண்ணனும் அதை மறுக்கவில்லை. ஆமாம் என்று ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் பயிற்சியாலும் பற்றின்மையாலும் முடியும் என்கிறார். உங்களிடம் முதலாவது நிறையவே இருக்கிறது. இரண்டாவதில்தான் சிக்கல்.

கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு சங்கிலி வரும் (62, 63). ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தால் பற்று, பற்றிலிருந்து ஆசை, ஆசையிலிருந்து கோபம், கோபத்திலிருந்து மயக்கம் என்று அது போகும். இதைப் படிக்கும்போது ஆசை என்றால் பணம், பெண், பதவி என்றே எடுத்துக்கொள்கிறோம். நீங்கள் ஆசைப்பட்டது அமைதிக்கு. 'மனம் அபூர்வமாக அடங்கியிருந்த நேரம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். கைக்குக் கிடைத்த நல்ல பொருளைக் குழந்தை தட்டிவிட்டதுபோல ஒரு பதைப்பு அதில் தெரிகிறது. பற்று பற்றுதான், அது தியானத்தின்மேல் இருந்தாலும் குறுக்கே வருகிறவர்மேல் பாயும்.

அடுத்தது அலுவலகம். 'வெளியில் நான் ரொம்பப் பொறுமை' என்பது ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம். 'செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான் அல்லிடத்துக் காக்கின்என் காவாக்கால் என்' என்கிறது குறள். கோபம் பலிக்கிற இடத்தில் அதைத் தடுப்பவனே கோபத்தைக் காப்பவன்; பலிக்காத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால்தான் என்ன? மேலதிகாரியிடம் உங்கள் கோபம் செல்லாது, அதனால் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். எட்டு வயதுக் குழந்தையிடம் அது நன்றாகவே செல்லும். உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. பகலெல்லாம் விழுங்கியது எங்கேயும் போய்விடுவதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். 'உயிர்கள் தம் இயல்பின்படியே நடக்கின்றன, அடக்குமுறை என்ன செய்யும்?' என்று கீதையின் மூன்றாம் அத்தியாயமே கேட்கிறது. அதிகாரி எல்லார் முன்னாலும் பேசினால், பிறகு தனியாகப் போய், "தவறு இருந்தால் அறைக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள் சார்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். அதுவும் சாதனைதான், தியானத்தைவிடக் கொஞ்சம் கஷ்டமான சாதனை.

இப்போது நீங்கள் எதிர்பார்க்காத ஒரு விஷயத்துக்கு வருகிறேன்: தூக்கம். 11.30க்குப் படுத்து 4 மணிக்கு எழுகிறீர்கள். நாலரை மணி நேரம், இரண்டு வருடங்களாக. காய்ச்சல் வந்த மூன்று நாட்களில் வீடு நிம்மதியாக இருந்ததற்குத் தியானம் இல்லாததே காரணம் என்று இருவரும் முடிவு கட்டிவிட்டீர்கள். அந்த மூன்று நாளும் நீங்கள் தூங்கியிருப்பீர்களே! தூக்கம் குறைந்தவருக்கு எரிச்சல் சட்டென்று வரும், வந்ததை நிறுத்தும் நிதானமும் குறையும். பிரம்ம முகூர்த்தத்தில் எழ வேண்டும் என்பவர்கள் சீக்கிரம் படுக்கவும் சொன்னார்கள். ஆறாம் அத்தியாயத்தில் 16, 17ஆம் சுலோகங்களை எடுத்துப் பாருங்கள். அதிகம் தூங்குகிறவனுக்கும் யோகம் இல்லை, விழித்தே கிடப்பவனுக்கும் இல்லை என்று இருக்கும். பத்து மணிக்குப் படுத்து ஐந்துக்கு எழுங்கள். தியானம் இருபது நிமிடம் போதும், இப்போதைக்கு.

கதவைச் சாத்த வேண்டாம். மனம் எங்கெங்கே ஓடுகிறதோ அங்கிருந்து அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறது அதே அத்தியாயம். ஓடியதற்காக அதை ஏசச் சொல்லவில்லை. மகள் வந்தால் எழுந்து கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி உட்காருங்கள். கோபம் வருவதைச் சொல்லுக்கு முன்பே உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். உங்களுக்குப் பல் இறுகுகிறதா, காது சூடாகிறதா என்று கவனியுங்கள். அது தெரிந்த கணத்தில் வேறெதுவும் பேசாமல், "ரெண்டு நிமிஷத்தில் வருகிறேன்" என்று மட்டும் சொல்லி இடத்தைவிட்டு நகருங்கள். சொன்னபடி திரும்பியும் வர வேண்டும்.

ஆசிரமம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிச்சையெடுத்தாவது பிழைக்கலாம் என்று வில்லைக் கீழே போட்டவன் அர்ஜுனன். அவனைப் போக விடாமல் நிறுத்திவைத்துச் சொன்னதுதான் நீங்கள் தினமும் படிக்கும் நூல். தவிர, ஆசிரமத்திலும் யாராவது கதவைத் திறப்பார்கள்.

போனை எறிந்ததை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்தது யார்மேலாவது விழலாம். இன்னொரு முறை அப்படி நடக்கும்வரை காத்திருக்காமல், மனைவியோடு சேர்ந்து ஒரு மனநல ஆலோசகரை நேரில் பாருங்கள். மருத்துவரிடம் ஒரு பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் மகளிடம் பேச வேண்டும், இன்றைக்கே. அவள் உயரத்துக்குக் கீழே உட்கார்ந்து, "அன்றைக்கு அப்பா கத்தினது தப்பு. நீ கத்தரிக்கோல் கேட்டதில் எந்தத் தப்பும் இல்லை" என்று சொல்லுங்கள். 'ஆனால்' என்று ஆரம்பிக்கும் வாக்கியம் எதையும் பின்னால் சேர்க்காதீர்கள். அவள் "சரி" என்று சொல்லிவிட்டு ஓடிவிடலாம். அந்த வண்ணத்தாளில் என்ன செய்யப் பார்த்தாள் என்று அப்போதே கேட்டு நச்சரிக்க வேண்டாம். அவளாக எடுத்துக்கொண்டு வரட்டும்.